வாசகர் கேள்வி – பதில்: காரின் வேகத்தை உழைத்துத்தான் பெற வேண்டுமா?

கார்ப் பந்தய வீடியோ கேம்களில் ஒரே பந்தயத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பணம் சேர்த்து, அந்தப் பணத்தில் எஞ்சின் வலுவைக் கூட்டும் டர்போவும் டயரும் வாங்கி வண்டியைத் தேற்றுவதை ஆட்டக்காரர்கள் ‘கிரைண்ட்’ என்கிறார்கள். இந்த முறை நல்லதா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பொறுமை உள்ளவருக்குப் பிடிக்கும், இல்லாதவருக்குப் பிடிக்காது என்று இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தோம். குமரி மாவட்ட வாசகர்கள் அந்தப் பதிலை ஏற்கவில்லை என்பது வந்து குவிந்த கடிதங்களில் தெரிகிறது. எனவே இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒன்றுக்கொன்று நேர் எதிரான முதல் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்தே பதில் தந்திருக்கிறோம்.

மார்த்தாண்டம் வாசகர்: பொறுமை என்ற ஒரு சொல்லில் இதை அடக்கிவிட்டீர்கள். கையில் காசில்லாமல் ஒரு பழைய வண்டியில் தொடங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்த காரில் ஜெயிக்கும்போது வரும் நிறைவு, முதல் நாளே எல்லாக் கார்களும் கையில் கிடைத்தால் வருமா? எங்கள் வீட்டில் ரப்பர் நட்டு ஏழு ஆண்டு காத்திருந்த பிறகுதான் பால்வெட்டுக்குக் கத்தியை எடுக்கிறோம். காத்திருக்கத் தெரியாதவர்கள் விளையாட்டைக் குறை சொல்வது என்ன நியாயம்?

தக்கலை வாசகர்: நான் ஒரு முந்திரி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த நேரத்திலும் சம்பளத்துக்கு ஓட்டுவதுபோல் ஒரே தடத்தைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமா? முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில் வண்டிகளைப் பூட்டிவைக்க அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பதில்: இருவரும் வெவ்வேறு விளையாட்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. மார்த்தாண்டம் வாசகர் சொல்லும் நிறைவுக்கு இலக்கணம் வகுத்தது 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘கிரான் டூரிஸ்மோ’. அதில் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் முதலீடு 10,000 கிரெடிட் (விளையாட்டுக்குள் செல்லும் பணம்) மட்டுமே. அதற்கு வாங்கக்கூடியது பெரும்பாலும் பழைய கார் கடையில் நிற்கும் வலுவில்லாத ஒரு வண்டிதான். மேலே போக வேண்டுமானால் ஓட்டுநர் உரிமத் தேர்வுகளையும் எழுதியாக வேண்டும். அதாவது, குறித்த இடத்தில் பிரேக் பிடித்து நிறுத்துவது, வளைவுக்குள் சரியான கோட்டில் நுழைந்து வெளியேறுவது போன்றவற்றைக் குறித்த நேரத்துக்குள் செய்து காட்ட வேண்டும். வலுவில்லாத காரில் ஓட்டும்போது வளைவில் வேகத்தை இழந்தால் நேர்ப்பாதையில் அதை மீட்கவே முடியாது என்பதால், ஆட்டக்காரர் வேறு வழியின்றி வளைவைக் கற்றுக்கொள்கிறார். பிறகு டர்போ வாங்கிப் பொருத்தும் நாளில், அந்தக் கூடுதல் வலு எங்கே உதவுகிறது, எங்கே தடம் மாறச் செய்கிறது என்பது அவருக்குக் கையிலேயே தெரிந்துவிடுகிறது. இத்தகைய உழைப்பை நானும் ஆதரிக்கிறேன். இங்கே ஏழை வண்டியே ஆசிரியராகவும் இருக்கிறது.

ஆனால் அதே வரிசையில் 2022 மார்ச் 4 அன்று வெளியான ‘கிரான் டூரிஸ்மோ 7’-இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். வெளியான இரண்டே வாரங்களில் வந்த ஒரு புதுப்பிப்பில் பல பந்தயங்களின் பரிசுத்தொகையைக் குறைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பணம் சேர்க்கப் பெரிதும் நம்பியிருந்த ‘ஃபிஷர்மேன்ஸ் ரான்ச்’ மண்தடப் பந்தயத்தின் பரிசு 65,000 கிரெடிட்டிலிருந்து 30,000 ஆகச் சுருங்கியது. எதிலும் மோதாமல் சுத்தமாக ஓட்டினால் ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 97,500 கிடைத்த இடத்தில் 45,000 என்றாயிற்று. அப்போது அந்த விளையாட்டில் ‘மெக்லாரன் எஃப் 1’ காரின் விலை 1 கோடியே 85 லட்சம் கிரெடிட். பழைய பரிசில் அதை வாங்க 190 முறை சுத்தமாக ஓட்டி ஜெயிக்க வேண்டும்; புதிய பரிசில் 412 முறை. ஓட்ட விருப்பமில்லாதவருக்கு இன்னொரு வழியும் திறந்தே இருந்தது: 20 லட்சம் கிரெடிட் 19.99 டாலருக்கு விற்பனைக்கு இருந்தது. அந்த வழியில் போனால் ஒரு காருக்குக் கிட்டத்தட்ட 200 டாலர் ஆகும். விளையாட்டின் விலையோ அதில் பாதிகூட இல்லை.

412-ஆவது முறை அதே மண்தடத்தைச் சுற்றுகிறவர் புதிதாக எதையும் கற்பதில்லை. 20-ஆவது முறையிலேயே கற்க வேண்டியதெல்லாம் முடிந்துபோயிருக்கும். உழைப்பு கற்பிப்பதை நிறுத்திய பிறகும் நீடிக்குமானால், அதை நீட்டியவரின் நோக்கத்தைச் சந்தேகிக்கலாம். உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அப்படித்தான் சந்தேகித்தார்கள். அதே புதுப்பிப்பு ஏற்படுத்திய கோளாறால் சர்வர்கள் 30 மணி நேரத்துக்கு மேல் முடங்கி, இணையத் தொடர்பில்லாமல் தனி ஆட்டத்தையும் ஆட முடியாத நிலை வந்தபோது கோபம் முற்றியது. தயாரிப்பாளர் கசுனோரி யமவுச்சி வருத்தம் தெரிவித்தார். ஆட்டக்காரர்களுக்கு 10 லட்சம் கிரெடிட் ஈடாக வழங்கப்பட்டது. ஏப்ரலில் வந்த அடுத்த புதுப்பிப்பில் பரிசுகள் கணிசமாக உயர்ந்தன.

மார்த்தாண்டம் வாசகரின் ரப்பர் உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது அவருக்கே எதிராகத் திரும்பக்கூடிய உவமை. ரப்பர்க் கன்று வளரும் முதல் சில ஆண்டுகளில் அதே நிலத்தில் ஊடுபயிராக அன்னாசியோ வாழையோ போட்டுக் குடும்பத்தை ஓட்டுகிறோம். காத்திருப்பு வெறும் காத்திருப்பாக இருப்பதில்லை. அதோடு, மரத்தை ஏழு ஆண்டு காக்கவைக்கும் இயற்கை, 200 டாலர் கொடுத்தால் நாளைக்கே பால் தருகிறேன் என்று ஒரு சீட்டை நீட்டுவதுமில்லை. காக்கவைப்பவரே காத்திருப்பைத் தவிர்க்கும் சீட்டையும் விற்பாரானால், காத்திருப்பை நீட்டுவதில் அவருக்கு லாபம் இருக்கிறது. என் எதிர்ப்பெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

தக்கலை வாசகருக்கும் ஒரு வார்த்தை. பணம் பறிக்கும் நோக்கம் இல்லாமலே உழைப்பு சலிப்பாவதும் உண்டு. 2023 அக்டோபரில் வெளியான ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ ஒவ்வொரு காருக்கும் 50 வரை நிலைகளை வைத்தது. அந்தக் காரை ஓட்ட ஓட்டத்தான் நிலை ஏறும். நிலை ஏற ஏறத்தான் பாகங்கள் திறக்கும். யோசனை மோசமில்லை, ஒவ்வொரு வளைவையும் எவ்வளவு நன்றாக எடுத்தீர்கள் என்று மதிப்பெண் போட்டு, அதற்கேற்பக் காரின் அனுபவப் புள்ளியை ஏற்றினார்கள். ஆனால் விளையாட்டில் இருந்த கார்களோ 500-க்கு மேல். ஒரு காரில் கற்ற வித்தை அடுத்த காரில் செல்லாது என்பதுபோல, எடுக்கும் ஒவ்வொரு காரிலும் முதல் படியிலிருந்து ஏறச் சொன்னால் யாருக்குத்தான் சலிக்காது? நண்பர்களோடு ஆன்லைனில் போட்டியிட ஒரு புதுக் காரைத் தயார் செய்வதற்குள் வார இறுதி முடிந்துவிடுகிறது என்ற புலம்பல் பெருகியது. 2024 மார்ச்சில் அந்தப் பூட்டைத் தளர்த்தி, கிரெடிட் கொடுத்தும் பாகங்களை வாங்கலாம் என்று மாற்றினார்கள்.

ஆகவே முழு விலைக்கு வாங்கிய விளையாட்டில் எல்லாம் முதல் நாளே திறந்திருக்க வேண்டும் என்ற உங்கள் வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் இரவில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில், வண்டியிலோ உங்கள் கையிலோ ஏதேனும் ஒரு மாற்றம் தெரிந்தாக வேண்டும் என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

குலசேகரம் வாசகர்: மொபைலில் ‘ஹில் கிளைம்ப் ரேசிங்’ விளையாடுகிறேன். நாணயம் சேர்ந்தால் முதலில் எஞ்சினை ஏற்றுவதா, டயரை ஏற்றுவதா? நண்பர்கள் எல்லாரும் எஞ்சின்தான் என்கிறார்கள்.

பதில்: 2012-இல் வந்த அந்த விளையாட்டின் ஜீப்பில் எஞ்சின், சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு), டயர், நான்கு சக்கர இயக்கம் என நான்கு இடங்களில் மேம்படுத்தலாம். எஞ்சினை மட்டும் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்: ஏற்றத்தில் ஜீப்பின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஓட்டுநர் தலைகீழாக விழுவார். நான்கையும் அருகருகே வைத்து ஏற்றுவதே நல்லது. முதல் சில நாணயங்களை டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் கொடுங்கள்.

பெரிய விளையாட்டுகளிலும் இதே கதைதான், அதற்கு இயற்பியலே காரணம். ஓடும் காரின் முடுக்கம், பிரேக், திருப்பம் மூன்றும் நான்கு டயர்களும் தரையைத் தொடுகிற, உள்ளங்கை அகலமே உள்ள நான்கு இடங்கள் வழியாகத்தான் நடக்கின்றன. அங்கே பிடி இல்லாவிட்டால் எஞ்சின் தரும் வலு புகையாகப் போகும். இன்னொன்று: காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது, உச்ச வேகத்தை 10 சதவீதம் உயர்த்த எஞ்சின் வலுவை ஏறத்தாழ 33 சதவீதம் உயர்த்த வேண்டும். கடைசிக் கட்ட எஞ்சின் பாகங்களுக்குக் கொட்டும் பணத்துக்கு ஈடான பலன் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே டயர், பிரேக், எடைக்குறைப்பு ஆகியவற்றை முடித்துவிட்டு எஞ்சினுக்கு வாருங்கள். டயர் முதலில் என்று ரப்பர் விளையும் குலசேகரத்துக்காரருக்கு எழுத நேர்ந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நாகர்கோவில், வடசேரி வாசகர்: பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளேஸ்டேஷன் கடையில் மணிக்கணக்கில் காசு கொடுத்து நண்பர்கள் ஐந்து பேர் விளையாடுகிறோம். எல்லாருக்கும் ஒரே கணக்குதான். நான் பல வாரமாக ஓட்டிச் சேர்த்த கிரெடிட் முழுவதையும், நான் இல்லாத நாளில் வந்த ஒருவன் ஒரு காருக்குப் பின்சிறகும் புது ரிம்மும் மாட்டிச் செலவழித்துவிட்டான். கேட்டால், ‘எல்லாருக்கும் பொதுதானே மக்கா’ என்கிறான். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை. ஆனால் ஒரே கணக்கில் ஐந்து பேர் ஆடும் வரை தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. ஒரே கருவியில் ஆளுக்கொரு கணக்குத் தனித்தனியாக உருவாக்கிக்கொள்ளலாம். சேமிப்பும் கேரேஜும் அந்தந்தக் கணக்கோடு நிற்கும். கடைக்காரரிடம் பேசி அதைச் செய்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமாக, மணிக்குக் காசு கொடுக்கும் கடை கிரைண்ட் செய்வதற்கான இடமே அல்ல என்பது என் கருத்து. ஐந்து நண்பர்கள் ஒன்றாக உட்காரும் இடத்தில் இரண்டு பேர் திரையைப் பிரித்துக்கொண்டு சமமான கார்களில் மோதி, தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவதில் கிடைக்கும் கலகலப்பு, ஒருவர் தனியாகப் பணம் சேர்ப்பதை மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருப்பதில் கிடைக்காது. பின்சிறகு மாட்டிய நண்பரை மன்னிப்பதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். காரின் கீழ்நோக்கிய அழுத்தத்தைக் கூட்டும் சிறகாக இருந்தால், வேகமான வளைவுகளிலாவது அந்தச் செலவுக்குச் சிறிது பலன் உண்டு.

கருங்கல் வாசகி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கார் விளையாட்டில் ‘ஒரே ஒரு பெட்டி மட்டும் அம்மா, இதில் கட்டாயம் வந்துவிடும்’ என்று என் போனிலிருந்து பணம் கட்டச் சொல்கிறான். சென்ற மாதம் இரண்டு முறை கட்டினேன். அவன் கேட்ட கார் வரவில்லை. விளையாட்டை நிறுத்திவிடட்டுமா?

பதில்: விளையாட்டை நிறுத்தும் முன் பணத்தை நிறுத்துங்கள், அம்மா. உங்கள் மகன் கேட்பது ஒரு பாகத்தையோ காரையோ அல்ல; அது வரக்கூடும் என்ற வாய்ப்பை. பல மொபைல் பந்தய விளையாட்டுகளில் ஒரு காரைத் திறக்க அதன் ‘புளூபிரின்ட்’ அட்டைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர வேண்டும். அட்டைகள் பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்குள் எந்தக் காரின் அட்டை இருக்கும் என்பது திறந்த பிறகே தெரியும். எப்போது பரிசு வரும் என்று தெரியாத ஏற்பாடுதான் மனிதரை அதிக நேரம் கட்டிப்போடுகிறது என்பது உளவியலில் பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ‘இன்னும் இரண்டு அட்டைதான்’ என்ற நிலையில் நிறுத்துவது பெரியவர்களுக்கே கடினம். 14 வயதுப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுகளும் இந்தக் குழியில் விழுந்திருக்கின்றன. 2017 நவம்பரில் வந்த ‘நீட் ஃபார் ஸ்பீட் பேபேக்’ காரின் ஆறு பாகங்களையும் அட்டைகளாக்கியது. வேண்டாத அட்டைகளைக் கொடுத்து டோக்கன் வாங்கி, மூன்று டோக்கன் போட்டுச் சூதாட்ட இயந்திரம்போல் ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் ஏதோ ஒரு பாகம் வரும். நன்றாக ஓட்டியவருக்கு மோசமான அட்டையும், மோசமாக ஓட்டியவருக்கு நல்ல அட்டையும் விழும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்ததென்றால், அந்த மாதமே பரிசுகளை உயர்த்திச் சரிக்கட்டப் பார்த்தார்கள். பந்தய விளையாட்டில் ஓட்டும் திறமையைச் சீட்டு வெல்லுமானால் அதைப் பந்தயம் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. 2018-இல் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் இத்தகைய கட்டணப் பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டச் சட்டத்துக்கு எதிரானவை என்றே அறிவித்தது.

செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் போனில் பிளே ஸ்டோர் அமைப்புகளுக்குள் போய், ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள். யு.பி.ஐ. தானாகப் பணம் எடுக்கும் அனுமதி எதற்காவது கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் பணச் செயலியில் பாருங்கள்; இருந்தால் ரத்து செய்யுங்கள். பிறகு மகனிடம், ஓட்டி ஜெயித்தால் நாணயம் நிச்சயமாகக் கிடைக்கும் விளையாட்டை மட்டும் ஆடலாம் என்று சொல்லுங்கள். அடுத்த பாகத்துக்கு எத்தனை நாணயம் வேண்டும், ஒரு பந்தயத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவனையே வகுத்துப் பார்க்கச் சொன்னால், எந்த விளையாட்டு தன்னை ஏமாற்றுகிறது என்பதை அவனே கண்டுபிடித்துவிடுவான். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தக் கணக்கு ஒன்றும் பெரிதில்லை.

குளச்சல் வாசகர்: கிரைண்ட் அறவே இல்லாத கார்ப் பந்தய விளையாட்டு உண்டா?

பதில்: உண்டு. 2014-இல் முழுமையாக வெளியான ‘அசெட்டோ கோர்சா’வில் கார்கள் எல்லாம் தொடக்கத்திலேயே திறந்திருக்கும். 2008-இல் தொடங்கிய ‘ஐரேசிங்’கில் வண்டிக்கு அப்கிரேடு என்ற பேச்சே இல்லை, அங்கே ஏறுவது ஓட்டுநரின் உரிமம்தான், அதுவும் மற்றவர்மேல் மோதாமல் ஓட்டினால் மட்டும். ஆனால் மாதச் சந்தாவும், கூடுதல் கார்களுக்கும் தடங்களுக்கும் தனி விலையும் உண்டு. பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு இறங்குங்கள்.

குவைத்திலிருந்து இரணியல் வாசகர்: இங்கே வேலை முடிந்து வந்தால் களைப்புதான் மிச்சம். ஊரில் இருக்கும் அக்காள் மகனோடு வெள்ளிக்கிழமைதோறும் ‘கிரான் டூரிஸ்மோ 7’-இல் பந்தயம் ஓட்டுவதுதான் ஒரே சந்தோஷம். அவன் கல்லூரி மாணவன். நேரம் நிறைய இருப்பதால் பெரிய கார்களைச் சேர்த்துவிட்டான். என்னிடம் நேரமில்லை, பணம் இருக்கிறது. கிரெடிட்டை விலைக்கு வாங்கினால் என்ன தவறு? அவனோ ‘மாமா, காசு கொடுத்து ஜெயிப்பது ஜெயிப்பா?’ என்று கேலி செய்கிறான்.

பதில்: உங்கள் பணம், உங்கள் விருப்பம், அதில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை. நேரம் இல்லாத ஒருவர் பணத்தைக் கொடுப்பதும், பணம் இல்லாத மாணவர் நேரத்தைக் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை என்று நான் நினைக்கவில்லை. என் தயக்கம் வேறு. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும், காத்திருப்பை நீட்டினால் காசு வரும் என்ற பாடத்தைத் தயாரிப்பாளருக்குக் கற்பிக்கிறது; அடுத்த விளையாட்டில் அந்தச் சுமை உங்கள் மருமகனைப் போன்ற மாணவர்கள் தலையில் விழும்.

உங்கள் சிக்கலுக்குப் பணமே தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. ஆன்லைனில் அறை அமைக்கும்போது கார்களின் செயல்திறனைச் சமன் செய்யும் அமைப்பை இயக்கி, டியூனிங்கையும் (காரின் அமைப்புகளை அவரவர் மாற்றிக்கொள்வதை) தடை செய்துவிடுங்கள். அப்போது அவன் சேர்த்த டர்போவும் நீங்கள் சேர்க்காத டர்போவும் ஒன்றுதான். ஒரே வகைக் காரில் இருவரும் நிற்பீர்கள், மிஞ்சுவது கை மட்டுமே. அதற்கேற்ற பந்தய வகுப்பான ‘ஜிஆர்.3’ கார் ஒன்றின் விலை பெரும்பாலும் 4,50,000 கிரெடிட். மேலே சொன்ன, குறைக்கப்பட்ட பரிசுக் கணக்கிலேயே பார்த்தாலும் சுத்தமாக ஓட்டிய பத்துப் பந்தயங்களில் அது கைக்கு வந்துவிடும். குவைத்தில் இரவு 8 மணி என்றால் இரணியலில் 10.30, அக்காளின் திட்டு விழாத நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.